கனகராயன் ஆறு 'வீணாக' எங்கே போகிறது?

முன்பு என்னிடம் புவியியல் படித்து, இப்போது தானே ஒரு பாடசாலையில் படிப்பிக்கிற ஒருவர் மூன்று கேள்விகளை ஒரே கட்டாகக் கட்டி அனுப்பியிருக்கிறார். இலங்கையின் வடக்கில் ஓடுகிற கனகராயன் ஆறு எங்கே பிறந்து, எந்த வழியாக வந்து, எங்கே விழுகிறது? போன ஆடி மாதம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாராம். படத்தில் நீலக்கோடு, நேரில் வெறும் மணல், இதை ஆறு என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? கடைசியாக, யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவராகிக்கொண்டிருக்கும்போது அந்த ஆறு ஏன் வீணாகக் கடலுக்குப் போகிறது, அதை இங்கே திருப்ப முடியாதா?

உமக்கு உண்மையில் வேண்டியது மூன்றாவதற்கான பதில் என்று தெரிகிறது. பொறும். முதல் இரண்டையும் ஒழுங்காகப் பார்த்துவிட்டு வந்தால், மூன்றாவதில் நீர் சர்வசாதாரணமாகப் போட்டிருக்கும் 'வீணாக' என்ற சொல்லைப் பற்றி வேறு விதமாகக் கேட்கத் தோன்றும்.

முதலில் நம்முடைய வீட்டு வாசலில் இருந்து தொடங்குகிறேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு ஆறு என்றால் என்னவென்று கண்ணால் கண்டு பழக்கமில்லை. தொண்டைமானாறு, உப்பாறு என்று பெயர்கள் இருக்கின்றன. இரண்டும் ஆறுகள் அல்ல, கடல்நீரேரியின் நீண்ட கைகள். பெயரில் ஆறு இருக்கிறது, தண்ணீரில் உப்பு இருக்கிறது, அவ்வளவுதான். ஆறு என்று ஓரளவுக்குச் சொல்லத்தக்கது வழுக்கையாறு ஒன்றுதான். தெல்லிப்பழைப் பக்கத்து மழைவெள்ளம் கந்தரோடை வழியாக இறங்கி, வயல்களுக்குள் புகுந்து, அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேருகிறது. அதுவும் மாரியில் சில வாரங்கள்தான். தை பிறந்து கொஞ்ச நாளில் அதன் படுக்கையில் மாடு மேயும்.

காரணம் மழைக் குறைவு அல்ல. வவுனியாவில் பெய்கிற மழைக்கும் இங்கே பெய்கிற மழைக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. வித்தியாசம் காலுக்குக் கீழே இருக்கிறது. குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக்கல்லில் அமர்ந்திருக்கிறது. மழை விழுந்ததும் வெடிப்புகளுக்குள்ளும் துவாரங்களுக்குள்ளும் புகுந்து, அடியில் கிடக்கும் உவர்த்தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய நன்னீர்த் தட்டாக மிதக்கிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பதன் இரகசியம் இதுதான். ஆக, நமக்கும் ஆறு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளும். அது நிலத்துக்குக் கீழே கிடக்கிறது, அதைக் கிணறு என்ற பெயரில் வாளி போட்டு அள்ளுகிறோம்.

குடாநாட்டைப் பெருநிலத்தோடு இணைக்கும் ஆனையிறவைத் தாண்டி வன்னிக்குள் தெற்கே போகப் போக இந்தச் சுண்ணாம்புக்கல் முடிந்து, மிகப் பழைய கடும்பாறை அடியில் வந்துவிடுகிறது. அதன்மேல் அதிக ஆழமில்லாத செங்கபில மண். மண் குடித்து நிறைந்ததும் மீதித் தண்ணீருக்குக் கீழே போக வழியில்லை, சரிவைப் பார்த்து ஓடத்தான் வேண்டும். அதனால் வன்னியில் கோடு கோடாக ஆறுகள் இருக்கின்றன. பறங்கியாறும் பாலியாறும் மண்டைக்கல்லாறும் மேற்குக் கரைக்குப் போகின்றன. பேராறு கிழக்கே போகிறது. கனகராயன் ஆறோ நம்மை நோக்கி, வடக்கே வருகிறது. யாழ்ப்பாணத்தார் நூறு வருடமாக இந்த ஆற்றின்மேல் கண் வைத்திருப்பதற்கு அந்தத் திசையும் ஒரு காரணம்.

இனி அது பிறக்கும் இடம். இதற்குத் தலைக்காவிரி போல ஒரு தீர்த்தத்தையோ மலையடி ஊற்றையோ பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். அப்படி எதுவும் இல்லை. வவுனியா மாவட்டத்தின் வடபகுதிக் காட்டுக்குள், கண்ணுக்குத் தெரியாத சிறு மேடுகளுக்கிடையில், மழைவெள்ளம் சேர்ந்து ஓடும் பள்ளங்கள்தான் அதன் தலை. வவுனியா நகரமே கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீற்றர் உயரம்தான். அதற்கு வடக்கே நிலம் இன்னும் தாழ்கிறது. ஆற்றின் நீளம் வளைவுநெளிவுகளோடு 80 கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். கணக்குப் போட்டுப் பாரும், கிலோமீற்றருக்கு ஒரு மீற்றர் அளவுக்கே இறக்கம். அதற்கு அருவியும் தெரியாது, பாய்ச்சலும் தெரியாது. சாய்மனைக் கதிரையில் கிடக்கிற கிழவர் எழும்புகிற வேகத்தில்தான் நகரும். வெள்ளம் வந்தால் மட்டும் வேறு கதை, அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆற்றின் மேற்பகுதியைப் படத்தில் தேடுவதைவிட ஊர்ப் பெயர்களில் தேடுவது சுலபம். ஓமந்தையிலிருந்து வடக்கே கண்டி வீதியில் வாரும்: புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம், பனிக்கன்குளம். வீதியை விட்டு விலகினால் சேமமடு, ஒலுமடு. கீழே இறங்கினால் இரணைமடு, முரசுமோட்டை. குளம் என்றால் அணை கட்டித் தேக்கியது. மடு என்றால் ஆற்றுப் படுக்கையிலோ தாழ்நிலத்திலோ தானாக ஆழ்ந்து, கோடையிலும் தண்ணீர் நிற்கிற இடம். மோட்டை அதைவிடச் சிறியது, பங்குனியிலேயே சேறாகிவிடும். வன்னிக்கு முதலில் வந்து குடியேறியவன் தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பதை ஊரின் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். கனகராயன் என்ற பெயரை வன்னியை ஆண்ட ஒரு சிற்றரசனுடையது என்பார்கள். பக்கத்தில் அக்கராயன் என்ற பெயரும் அப்படியே. பெயர் ஆற்றிலிருந்து குளத்துக்குப் போனதா, குளத்திலிருந்து ஆற்றுக்கு வந்ததா என்று கேட்டு என்னைச் சிக்கலில் மாட்டவேண்டாம்.

மேலே உள்ள சிறுகுளங்களைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லும். ஒரு குளம் நிறைந்து வான் பாய்ந்தால், அதாவது மிகுநீர் வழியும் வாயிலால் வழிந்தால், அந்தத் தண்ணீர் அடுத்த குளத்துக்கு, அதன் வான் அதற்கடுத்த குளத்துக்கு என்று படிப்படியாக இறங்கி ஆற்றுக்கு வருகிறது. அதாவது, ஐப்பசியில் முதல் மழை பெய்தவுடன் ஆறு ஓடாது. முதல் மழை மண்ணுக்கு, அடுத்த மழை குளங்களுக்கு, அதற்குப் பிறகுதான் ஆற்றுக்கு. கார்த்திகை நடுப்பகுதிக்கு முன்னால் ஆறு பெருகிவிட்டது என்றால் அந்த வருடம் பயப்படவேண்டிய வருடம்.

ஆற்றின் நடுப்பகுதி ஏறக்குறைய கண்டி வீதியின் போக்கோடு சேர்ந்தே வடக்கே வருகிறது. இருந்தும் பஸ்ஸில் போகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. முறிகண்டிப் பிள்ளையாரில் பஸ் நிற்கும், தேங்காய் உடைப்பார்கள், கச்சான் வாங்குவார்கள், மறுபடி ஏறி நித்திரையாகிவிடுவார்கள். நானும் எத்தனையோ வருடம் அப்படித்தான் போய்வந்தேன். அங்கிருந்து கொஞ்சத் தூரம் கிழக்கே வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் கிடக்கிறது என்பதைப் படிப்பிக்கத் தொடங்கிய பிறகே உணர்ந்தேன். புவியியல் ஆசிரியனுக்கு இது வெட்கக்கேடு.

உமது இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் விடை. நீர் ஆடியில் போனீர், மணலைக் கண்டீர், ஆறு இல்லை என்று திரும்பிவிட்டீர். நிமிர்ந்து மரத்தைப் பார்த்தீரா? ஆடி, ஆவணியில் வன்னிக் காடு புழுதி படிந்து, வெளிறிப்போய்க் கிடக்கும். பாலையும் வீரையும் இலையைக் கொட்டாமல் நின்றாலும் அந்தப் பச்சை கறுத்த, களைத்த பச்சை. முதிரை முக்கால்வாசி இலையைக் கொட்டியிருக்கும். அதற்கு நடுவே ஒரே ஒரு வரிசை மட்டும் செழித்த பச்சையாக, பாம்பு போன தடம்போல வளைந்து வளைந்து போகும். அது மருதமரங்கள். வெளுத்த, வழுவழுப்பான அடிமரம், பாதி வேர் கரையில், பாதி வேர் படுக்கையின் மணலுக்குள். அந்தப் பச்சை வரிசைதான் ஆறு. மேலே தண்ணீர் இல்லாத மாதங்களில் ஆறு மணலுக்குக் கீழே இருக்கிறது. மரத்துக்கு அது தெரியும்.

நம்பாவிட்டால் தோண்டிப் பார்க்கலாம். ஒருமுறை உயர்தர மாணவர்கள் பதினைந்து பேரோடு ஆவணி மாதம் மாங்குளத்தை அண்டிய காட்டுப்பகுதியில் படுக்கைக்குள் இறங்கினோம். வழிகாட்ட வந்த பெரியவர் வளைவின் உட்புறத்தை விட்டுவிட்டு, கரை அரிக்கப்பட்ட வெளிப்புறமாகப் போய்க் குந்தினார். சிரட்டை ஒன்றால் மணலை அள்ளத் தொடங்கினார். மேலே அரை முழம் சுடுமணல், கை வைக்க முடியாது. அதற்குக் கீழே மணல் நிறம் மாறியது, குளிர்ந்தது, சிரட்டையில் ஒட்டியது. முழங்கை ஆழம் போனதும் குழியின் ஓரங்கள் மெதுவாக இடிந்து விழ, அடியில் ஒரு கரண்டி அளவு கலங்கல் தண்ணீர் ஊறியது. பெரியவர் அதை அள்ளி வெளியே ஊற்றினார். மறுபடி ஊறியதையும் ஊற்றினார். மூன்றாவது முறை ஊறியது தெளிந்திருந்தது. இலை ஊறிய வெளிர் தேநீர் நிறம், ஆனால் கலங்கல் இல்லை. "முதல் இரண்டும் மணலுக்கு, மூன்றாவதுதான் மனிசருக்கு" என்றார். இருபது அடி தள்ளி இதே மாதிரி இன்னொரு பள்ளம், நமதைவிடப் பெரியது. விளிம்பெல்லாம் மிதித்துச் சப்பையாகிக் கிடந்தது, பக்கத்தில் சட்டி கவிழ்த்த அளவு வட்டத் தடங்கள். யானையும் வளைவின் வெளிப்புறத்தைத்தான் தேர்ந்தெடுத்திருந்தது. வெள்ளத்தின்போது அந்தப் பக்கம் ஆழமாக அரிபடுகிறது, பிறகு மணல் மூடுகிறது. கடைசித் தண்ணீர் அங்கேதான் தங்குகிறது. பாடப்புத்தகத்தில் வளைவாற்றின் அரித்தலும் படிதலும் என்று ஒரு பக்கம் வரும். அதை யானை படித்திருந்தது.

ஆகவே பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்லும்: இது பருவகால ஆறு. மாரியில் நிலத்துக்கு மேலே ஓடும், கோடையில் மடுக்களாக அறுந்து நிற்கும், மீதி மணலுக்குள் கிடக்கும். மணல் அதன் பாத்திரம்.

அதனால்தான் மணல் அள்ளுகிறவர்களைப் பற்றிப் பேசினால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது. போர் முடிந்து வீடு, வீதி, மதில் என்று எல்லா இடமும் கட்டத் தொடங்கியபோது வன்னி ஆறுகளின் மணலுக்குக் கேள்வி கூடியது. இரவில் உழவு இயந்திரம் இறக்கி அள்ளுவது இன்றைக்கும் நடக்கிறது. ஒரு அடி மணல் போனால் அதற்குள் தங்கியிருக்கக்கூடிய தண்ணீரும் அதோடு போகிறது. படுக்கை தாழ்ந்தால் கரையோரத்து நிலத்தடி நீரும் ஆற்றுக்குள் வடிந்து, பக்கத்துக் கிணறுகள் இறங்குகின்றன. பிறகு மருதமரத்தின் வேர் வெளியே வந்து, அடுத்த வெள்ளத்தில் மரம் சாய்கிறது. அந்த மணலில் கட்டிய மதில் யாழ்ப்பாணத்திலும் நிற்கிறது, என் வீட்டு மதில் உட்பட இருக்கலாம். அதனால் அதிகம் சத்தம் போடவும் முடியவில்லை.

இனி இரணைமடு. இரணை என்றால் இரட்டை. ஒன்றையொன்று அடுத்துக் கிடந்த இரண்டு மடுக்களின் பெயர் அது, குளம் பிறகு வந்தது. ஆங்கிலேயர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பார்க்கர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்த ஆற்றை மறித்துக் குளம் கட்டத் திட்டம் வரைந்தார். வேலை 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்தது. அப்போது கொள்ளளவு 40,000 ஏக்கர் அடி. பிறகு கட்டைக் கட்டங்கட்டமாக உயர்த்தி, 1970களின் பிற்பகுதியில் 106,500 ஏக்கர் அடி, அதாவது 13 கோடி கன மீற்றருக்குச் சற்று மேல் என்றாக்கினார்கள். போருக்குப் பிறகு இன்னும் உயர்த்தினார்கள். இப்போது 36 அடி என்றால் நிறைகுளம். 1936இல் யாழ்ப்பாணத்து நெரிசலையும் வேலையின்மையையும் குறைக்கவென்று குடியேற்றி உருவாக்கிய ஊர் கிளிநொச்சி. இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல் இந்த ஒரு குளத்தை நம்பியிருக்கிறது. குளம் இல்லாவிட்டால் கிளிநொச்சி என்ற நகரமும் இல்லை என்று சொல்வதில் மிகை எதுவும் கிடையாது.

ஒரு கிளைக்கதை. அந்தப் பகுதியின் செம்மண்ணுக்கும் அதன் அடியிலுள்ள பரற்கற்களுக்கும் தொல்லியலில் 'இரணைமடுப் படிவு' என்றே பெயர். கற்காலக் கருவிகள் கிடைக்கிற அந்த மாதிரிப் படிவு அம்பாந்தோட்டைப் பக்கம் பூந்தலவில் இருந்தாலும், அதையும் இந்தப் பெயராலேயே அழைக்கிறார்கள். விவசாயிக்கு முன்னால் வேட்டைக்காரன் அந்த மடுக்களுக்கு வந்துபோயிருக்கிறான். பாடத்திட்டத்தில் இல்லை, ஆனால் சொன்னால் பின்வாங்குப் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஆற்றின் வடிநிலம் மொத்தம் சுமார் 900 சதுர கிலோமீற்றர். அதில் 588 சதுர கிலோமீற்றர் இரணைமடுவுக்கு மேலே இருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கு என்று பிடியும். இந்த எண்ணை வைத்து ஒரு கைக்கணக்குப் போட்டால் வெள்ளம் என்றால் என்னவென்று புரியும். ஒரே இரவில் அந்தப் பரப்பில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால், விழுந்த தண்ணீர் மட்டும் கிட்டத்தட்ட 5.9 கோடி கன மீற்றர். ஐப்பசியில் விழுந்தால் மண்ணும் சிறுகுளங்களும் பெரும்பங்கைக் குடித்துவிடும். அதே மழை மார்கழியில் விழுந்தால்? மண் நிறைந்து, எல்லாச் சிறுகுளமும் வான் பாய்ந்துகொண்டிருக்கும். பாதி தண்ணீர் ஓடி வந்தாலும் கிட்டத்தட்ட 3 கோடி கன மீற்றர், ஏற்கெனவே 34 அடியில் நிற்கிற குளத்துக்குள். 2018 மார்கழியில் நடந்தது இந்த வகைதான். வான்கதவுகளைத் திறந்தார்கள், கிளிநொச்சியின் தாழ்நிலம் தண்ணீருக்குள் போனது. முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்திருக்கலாம் என்று ஒரு பக்கம், முன்பே திறந்து மழை பெய்யாமல் போயிருந்தால் சிறுபோகத்துக்கு, அதாவது கோடைகால நெல்லுக்கு, யார் பதில் சொல்வது என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் நியாயம் இருக்கிறது. குளக்கட்டில் நின்று அளவுகோலைப் பார்க்கிறவனுடைய நித்திரை எப்படியானது என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

குளத்துக்குக் கீழே ஆறு வேறு ஆளாகிவிடுகிறது. காடு போய்விட்டது, இரண்டு பக்கமும் வயல். பன்னங்கண்டி, முரசுமோட்டை, ஊரியான், கண்டாவளை: வானொலியில் வெள்ள எச்சரிக்கை வரும்போதெல்லாம் இந்தப் பெயர்கள் வரிசையாக வரும், அந்த வரிசைதான் ஆற்றின் கீழ்ப்பகுதி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் வீதியை வெட்டிக்கொண்டு வடக்கே இறங்கி, தரவைகளில், அதாவது மரமில்லாத தாழ்ந்த வெளிகளில், பரந்து, சுண்டிக்குளம் கடல்நீரேரிக்குள் போய்ச் சேருகிறது. தருமபுரத்துக்கும் விசுவமடுவுக்கும் இடையில் வருகிற நெத்தலியாறும் அதே நீரேரிக்குத்தான் போகிறது.

கவனித்தீரா, இன்னும் கடல் வரவில்லை. ஆறு விழுகிற இடம் கடல் அல்ல, கடல்நீரேரி. ஆனையிறவுக்கு மேற்கே இருப்பது யாழ்ப்பாணக் கடல்நீரேரி, கிழக்கே இருப்பது இது. நடுவில் கண்டி வீதியும் ரயில்பாதையும் போகிற மேட்டணை. கிழக்கு முனையில் சுண்டிக்குளம் மணல்திட்டு, அதற்கப்பால் வங்கக் கடல். கோடையில் அந்த வாய் மணலால் மூடிக்கிடக்கும், நீரேரி வற்றி உப்புப் பூக்கும். மாரியில் ஆற்றுத் தண்ணீர் வந்து உப்பைக் கரைத்து, மட்டம் உயர்ந்து, தாங்கமுடியாத கட்டத்தில் மணல்திட்டு உடைபடும். அப்போதுதான் காட்டில் விழுந்த மழை கடலைப் பார்க்கிறது.

இதில் எது வீண்? நீரேரிக்குள் வருகிற நன்னீர்தான் அதன் உப்பின் அளவைத் தீர்மானிக்கிறது. கடலில் பிறக்கும் இறால் குஞ்சு வாய் திறந்திருக்கும் வேளையில் உள்ளே வந்து, உப்புக் குறைந்த தண்ணீரில் வளர்ந்து, திரும்பிப் போகிறது. அந்த இறாலை நம்பி நீரேரிக் கரையில் குடும்பங்கள் இருக்கின்றன. பூநாரைகளும் குளிர்காலத்து வாத்துகளும் வருவது ஆழமில்லாத அந்தத் தண்ணீருக்காகத்தான். 1938இலேயே சுண்டிக்குளத்தைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள், 2015இல் தேசியப் பூங்காவாக்கினார்கள். ஆற்றை மேலே முழுவதும் மறித்துவிட்டால் கீழே இவ்வளவும் உப்புக் களமாகும். அதோடு, ஆற்றின் பெரும்பங்கு ஏற்கெனவே இரணைமடுவில் நின்று நெல்லாகிவிடுகிறது. நீரேரிக்குப் போவது மழை நல்ல வருடத்தின் மிச்சமும், குளத்துக்குக் கீழே பெய்கிற மழையும், வயலிலிருந்து வடிகிறதும். மழை பொய்த்த வருடத்தில் வான்கதவு ஒன்றுகூடத் திறக்காது. அந்த வருடம் வந்து வீணாகப் போகிறது என்று சொல்லிப்பாரும், கிளிநொச்சிக் கமக்காரர் உமக்குப் பதில் சொல்வார்.

திருப்ப முடியாதா என்றால், முயற்சி நடந்திருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர். அதன் அழகு என்னவென்றால், அவர் ஆற்றைக் குளத்துக்கு மேலே தொடவே இல்லை. எல்லாரும் பயன்படுத்திவிட்டு விட்ட தண்ணீர் நீரேரிக்கு வருகிறதல்லவா, அங்கே பிடிப்போம் என்றார். சுண்டிக்குளத்தில் கட்டும் வானும் போட்டுக் கடலை வெளியே நிறுத்துவது. ஆனையிறவு மேட்டணையால் மேற்கையும் அடைப்பது. உள்ளே சேரும் நன்னீரை முள்ளியான் பக்கம் சுமார் 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடல்நீரேரிக்குக் கொண்டுவருவது. அங்கிருந்து உப்பாற்றுக்கு விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணை போட்டுக் கடல் உள்ளே வராமல் தடுப்பது. தண்ணீரைக் குழாயில் வீட்டுக்குக் கொண்டுவருவது அவருடைய நோக்கமாக இருக்கவில்லை. நீரேரிகள் நன்னீராகி நின்றால், அந்த அழுத்தத்தில் சுண்ணாம்புக்கல்லுக்குள் இருக்கும் நன்னீர்த் தட்டு தடித்து, கிணறுகள் தாமாக இனிக்கும். நிலத்துக்கு அடியில் ஓடுகிற நம்முடைய ஆற்றுக்கு, நிலத்துக்கு மேலே ஓடுகிற அவர்களுடைய ஆற்றைத் துணைக்கு அழைத்த திட்டம் அது. இரண்டு கதவணைகளும் கட்டப்பட்டன. முள்ளியான் வாய்க்கால் முடியவில்லை. சுண்டிக்குளம் கட்டு வெள்ளத்தில் உடைந்தது. பிறகு பராமரிப்பு விழுந்தது, பிறகு போர். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்தத் திட்டம் எழுந்து உட்காரும், வாக்கு எண்ணி முடிந்ததும் படுத்துவிடும்.

என் அபிப்பிராயம் கேட்டால், அது இன்றைக்கும் நல்ல திட்டம்தான், ஆனால் முழுதாக அல்ல. ஆறுமுகம் வரைந்த காலத்தில் இறாலையும் பறவையையும் யாரும் கணக்கில் சேர்க்கவில்லை. நீரேரி முழுவதையும் நன்னீராக்கினால் கரையில் மீன்பிடிக்கிறவருக்கு என்ன வழி என்று முதலில் எழுதி வைத்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். வடமராட்சி நீரேரியோடு நிறுத்திக்கொள்கிற சின்ன வடிவம் சாத்தியமானது என்று நினைக்கிறேன்.

இரண்டாவது முயற்சி உமக்கு நினைவிருக்கும். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனில் இரணைமடுவிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர்க் குழாய் என்று வந்தது. இது ஆறுமுகத்தின் வழிக்கு நேர் எதிரானது: மிச்சத்தை அல்ல, கையிருப்பை எடுப்பது. கிளிநொச்சி விவசாயிகள் மறுத்தார்கள். யாழ்ப்பாணத்தில் பலர் அதைக் கல்நெஞ்சம் என்றார்கள். நானும் ஒரு காலத்தில் சொன்னேன், மறைக்கவில்லை. பிறகு ஒரு வரட்சி வருடம் சிறுபோகக் கூட்டமொன்றில் பின்னால் போய் நின்றேன். உள்ள தண்ணீருக்கு இத்தனை ஏக்கர்தான் என்று அறிவித்து, அதை ஆளுக்கு அரை, கால் என்று பிரித்தார்கள். முழுக் காணி வைத்திருப்பவர் கால் பங்கில் விதைத்து மீதியைத் தரிசாகப் போடவேண்டும். அந்த மண்டபத்தில் நின்று, எங்களுக்கும் ஒரு வாளி என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் திட்டம் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையமாக மாறியது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் தயாரிக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. இதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. 24,000ஐ 365ஆல் பெருக்கினால் வருடத்துக்கு 90 இலட்சம் கன மீற்றர்கூட வராது. குளத்தின் பழைய 13 கோடிக் கொள்ளளவில் நூற்றுக்கு ஏழு பங்கு. நிறைகுள வருடத்தில் அது ஒரு நாள் வான் பாய்ச்சலில் போகிற தண்ணீர், வரட்சி வருடத்தில் அது பலருடைய சிறுபோகம். சண்டை அளவைப் பற்றியது அல்ல, எந்த வருடம், யார் முதலில் நிறுத்தவேண்டும் என்பதைப் பற்றியது. அதற்கு எழுத்தில் ஒரு விதி செய்யாமல் குழாயை மட்டும் கொண்டுவந்ததுதான் பிழை என்பது என் கருத்து. இப்போது பாரும், சுண்டிக்குளத்தில் ஆறு கலக்கிற அதே கடலில், அதே கரையில் கொஞ்சத் தூரம் மேலே, மின்சாரம் செலவழித்து உப்பைப் பிரித்துக் குடிக்கிறோம்.

உமது அடுத்த பயணத்துக்கு இரண்டு வார்த்தை. ஒரே நாளில் முழு ஆற்றையும் காட்ட முயலவேண்டாம். மாரி ஓய்ந்த தை மாதக் கடைசியில் ஒருமுறை இரணைமடுக் கட்டுக்குப் போய், அங்கிருந்து கண்டாவளைப் பக்கம் இறங்கி நீரேரி விளிம்புவரை கூட்டிப் போம்; தண்ணீரும் பறவையும் இருக்கும். அதே பிள்ளைகளை ஆவணியில் மாங்குளத்துப் பக்கம் கொண்டுபோம், ஆனால் ஊரவர் ஒருவரைக் கேட்டு அவரோடு மட்டும் காட்டுக்குள் இறங்கும். யானை ஒரு காரணம். கண்ணிவெடி அகற்றிய பகுதி, அகற்றாத பகுதி என்ற பேச்சு இன்னும் முடியவில்லை என்பது இன்னொன்று. சிரட்டை ஒன்று கொண்டுபோக மறக்கவேண்டாம். மூன்றாவது ஊற்று தெளிந்த பிறகு காட்டும். போகிற வழியில் கண்டி வீதியோரம் பாலைப்பழம் விற்றால் எனக்கும் ஒரு பை வாங்கிவாரும், பால் உதட்டில் ஒட்டினாலும் பரவாயில்லை.